பிரிட்டனில் மடக்குக்கத்தி வைத்துக்கொள்வது எப்படி: சட்ட வரம்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "மூணு இஞ்ச்சுக்குள்ள இருந்தா கத்தி வெச்சுக்கலாம், பிரச்சினை இல்ல." இதில் பாதிதான் உண்மை. கொய்யாப்பழம் நறுக்க இரண்டு அங்குலப் பழக்கத்தி ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர், போலீஸ் கேட்டால் அதற்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து சீட்டில் மூன்று அங்குல மடக்குக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீளத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, நூல் அறுக்க ஒரு சின்னக் கத்தி கையோடு இருப்பது நல்ல பழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேனாக்கத்தி என்றும் வில்லுக்கத்தி என்றும் சொல்லி வளர்ந்த நமக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றுவதுமில்லை. ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் கத்திக்குத்தில் செத்துப்போகிற செய்தி அடிக்கடி வரும் நாடு இது. போலீஸும் நீதிமன்றமும் கத்தியைப் பார்க்கிற கண்ணே வேறு. அதனால் பழக்கத்தைக் கைவிட வேண்டாம், விவரம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.

கீழே இருப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்காட்லாந்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. மூன்று அங்குல விலக்கு அங்கும் உண்டு. தண்டனையின் உச்சவரம்பு மட்டும் 5 ஆண்டு. உங்கள் மேல் ஏற்கெனவே வழக்கு இருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், சொலிசிட்டரைப் பாருங்கள்.

சட்டம் நிற்கும் இரண்டு கால்கள்

முதலாவது 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு. கூர்முனையோ அலகோ உள்ள எந்தப் பொருளையும் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்பது அதன் அடிப்படை விதி. மடக்குப் பேனாக்கத்தி, அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத கத்தி, இந்த விதியிலிருந்து விலக்கு பெற்றது. மற்ற எதுவாக இருந்தாலும் "நல்ல காரணம்" வேண்டும். அந்தக் காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு போலீஸுக்கு இல்லை, உங்களுக்கு. உச்சத் தண்டனை 4 ஆண்டு சிறை.

இரண்டாவது 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம். அது தாக்கும் ஆயுதங்களைப் பற்றியது. ஆயுதமாகவே செய்யப்பட்டது, ஆயுதமாக மாற்றப்பட்டது என்பதோடு, ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருக்கும் எந்தப் பொருளும் அதில் அடக்கம். மூன்று அங்குல விலக்கு இந்தச் சட்டத்தில் இல்லை. எண்ணம் இருந்தால் ஒன்றரை அங்குலப் பேனாக்கத்தியும் ஆயுதம்தான். இதை நினைவில் வையுங்கள், போலீஸிடம் பேசும் இடத்தில் திரும்ப வரும்.

படி 1: கத்தி மடங்குகிறதா, பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்

பலருக்குத் தெரியாத இடம் இதுதான். ஸ்கேல் எடுப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கத்தியை முழுதாகத் திறங்கள். கூர்ப்பக்கம் உங்கள் விரல்களின் பாதையில் வராதபடி பிடியை ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். உள்ளே இருக்கும் வில் கொஞ்சம் எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுத்து அலகு மடங்கத் தொடங்கினால் அது பூட்டில்லாத கத்தி. அசையாமல் நின்று, மடக்குவதற்கு ஒரு பட்டனை அழுத்தவோ, உள்தகட்டை விரலால் தள்ளவோ, வளையத்தைத் திருப்பவோ வேண்டியிருந்தால் அது பூட்டுக்கத்தி; இங்கே எல்லாரும் லாக் நைஃப் என்பார்கள்.

பூட்டுக்கத்திக்கு மூன்று அங்குல விலக்கு கிடையாது. அலகு இரண்டு அங்குலமே இருந்தாலும் கிடையாது. எந்த நேரத்திலும் சட்டென்று, வெறுமனே மடக்கும் செயலாலேயே மடங்குவதுதான் மடக்குக்கத்தி, பட்டனை அழுத்தி விடுவித்தால்தான் மடங்கும் என்றால் அது நிலைக்கத்திக்குச் சமம் என்று 1990களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அன்றிலிருந்து இதில் குழப்பமே இல்லை. பூட்டு இருப்பதால் விரல் வெட்டுப்படாது, அதனால் அதுதான் பாதுகாப்பான கத்தி என்று வாதாடிப் பயனில்லை. வேலை செய்கிறவனுக்கு அது நியாயமான வாதம்தான். சட்டம் அதைக் கேட்பதில்லை.

கடையில் கண்ணில் படும் சில கத்திகளை வைத்துச் சொன்னால் இன்னும் விளங்கும். விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்திகளில் 58, 84, 91 மி.மீ. அளவுகளில் வருபவற்றின் முதன்மை அலகு பூட்டிக்கொள்ளாது, மூன்று அங்குலத்துக்கும் குறைவு, அவை சரி. அதே கம்பெனியின் 111 மி.மீ. கத்திகளில் பூட்டு இருக்கிறது. பார்ப்பதற்கு அதே சிவப்புப் பிடி, அதே சிலுவைக் குறி. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஓப்பினல் கத்தியில் 2 முதல் 5 வரை எண்ணுள்ளவற்றில் வளையப் பூட்டு இல்லை, 6ஆம் எண்ணிலிருந்து உண்டு. பலரும் ஆசையாக வாங்கும் 8ஆம் எண் பூட்டினாலும் தோற்கும், நீளத்தாலும் தோற்கும். லெதர்மேன் வேவ் மாதிரியான பல்கருவிகளில் அலகு பூட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றையும் காரணமின்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு போக முடியாது. இடுக்கியும் ஸ்க்ரூடிரைவரும் கூடவே இருக்கிறதே என்றால், கூட எது இருந்தாலும் கத்தி கத்திதான்.

படி 2: இப்போது அளந்து பாருங்கள்

3 அங்குலம் என்பது 7.62 செ.மீ. சட்டத்தின் வாசகம் வெட்டும் விளிம்பைத்தான் சொல்கிறது. ஆனாலும் பிடி முடிகிற இடத்திலிருந்து முனைவரை முழு அலகையும் அளந்து, அது 7.5 செ.மீ.க்குள் வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோரத்தில் நின்று ஒரு போலீஸ்காரரோடு விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று வாதாடுவது யாருக்கும் வேண்டாத வேலை. கத்தியில் இரண்டு அலகு இருந்தால் பெரியதை அளங்கள்.

நிலையான பிடியுள்ள கத்திக்கு இந்த அளவே பொருந்தாது. சமையலறைக் கத்தி, தோல் சீவும் சின்னக் கத்தி, மேசைக்கத்தி எதுவானாலும் காரணம் வேண்டும். மொட்டையான வெண்ணெய்க் கத்தியும் அலகுள்ள பொருள்தான் என்று 2005இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. நம் வீட்டு அரிவாள்மனையும் இந்தக் கணக்கில்தான் வரும். ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்ததை அக்கா வீட்டுக்கு ட்யூபில் (லண்டன் சுரங்க ரயிலில்) எடுத்துப்போவதாக இருந்தால், படி 5இல் சொல்கிறபடி கட்டி எடுத்துப் போங்கள்.

படி 3: வீட்டிலேயே இருக்கக் கூடாதவை

சில வகைகளை வெளியே கொண்டுபோவது மட்டுமல்ல, அலமாரியில் வைத்திருப்பதே குற்றம். 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, 2021 ஜூலையிலிருந்து இப்படித்தான். அமுக்கினால் தெறித்துத் திறக்கும் பட்டன் கத்தி, பாதி திறந்ததும் மீதியை ஸ்ப்ரிங் இழுத்துத் திறக்கும் கத்தி, கையை உதறினால் அலகு விழுந்து திறக்கும் கத்தி, இரண்டு பிடிகளைச் சுழற்றித் திறக்கும் பட்டாம்பூச்சிக் கத்தி, பேனா, சாவி, லிப்ஸ்டிக் போலத் தோற்றம் காட்டும் மறைகத்தி, பெல்ட் பக்கிளுக்குள் ஒளிந்திருக்கும் கத்தி, கைத்தடிக்குள் வாள் என்று பட்டியல் நீளும். ரம்பப் பற்களோ முட்களோ வைத்து மிரட்டும் தோற்றத்தில் செய்த ஜாம்பி பாணிக் கத்திகளும், அதே பாணியிலான பெரிய வெட்டுக்கத்திகளும் 2024 செப்டம்பர் 24 முதலும், நிஞ்சா வாள்கள் 2025 ஆகஸ்ட் 1 முதலும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

வெளிநாட்டு இணையக் கடையில் விலை மலிவாக இருக்கிறது, கார்டு மாதிரி மடங்குகிறது என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். விற்பவன் அனுப்பிவிடுவான். எல்லையில் சுங்கத்துறை பிடித்தால் வாங்கியவரின் பெயரும் முகவரியும்தான் பார்சல் மேல் இருக்கும்.

படி 4: காரணத்தை வெளியே கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்

படி 1, 2 இரண்டிலும் தேறிய கத்திக்கு இது தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேவை. சட்டம் மூன்று காரணங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: வேலைக்கு, மதத்துக்கு, தேசிய உடைக்கு. சீக்கியர்களின் கிர்பானும், கில்ட் உடையோடு ஸ்காட்லாந்துக்காரர்கள் காலுறையில் செருகும் சிறு கத்தியும் இப்படித்தான் சட்டத்துக்குள் நிற்கின்றன. இவை போக, நியாயமான வேறு காரணத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம்.

எந்தக் காரணமும் மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும். இந்தக் கத்தி ஏன்? இந்த நேரத்தில் ஏன்? இந்த இடத்தில் ஏன்? ரெஸ்டாரண்டில் சமையல் வேலை பார்ப்பவர் தன் கத்திச்சுருளோடு மாலையில் வேலைக்குப் போகிறார்: மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அவரே இரவு வேலை முடிந்து நண்பர்களோடு பாருக்குப் போய், ஒரு மணிக்கு அதே சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்: வேலை என்கிற காரணம் அங்கே மெலிந்துவிடுகிறது. கார்பெட் போடுபவர், எலெக்ட்ரீஷியன், வேர்ஹவுஸில் பெட்டி பிரிப்பவர் எல்லாருக்கும் இதே கணக்குதான். முடிந்தால் கருவியை வேலையிடத்து லாக்கரில் விட்டுவிட்டு வாருங்கள். அதுதான் எல்லாவற்றையும்விட நல்லது.

கேம்பிங், மீன்பிடிப்பு, காட்டு நடை ஆகியவற்றுக்கு நிலைக்கத்தி கொண்டுபோகலாம். டென்டும் படுக்கைப்பையும் அடுப்பும் இருக்கும் முதுகுப்பையின் அடியில் அந்தக் கத்தி இருந்தால் பையே உங்களுக்காகப் பேசும். திங்கட்கிழமை அலுவலகப் பையில் அது இருந்தால் பேசாது. அன்றுதான் வாங்கிய சமையலறைக் கத்தியைப் பெட்டி பிரிக்காமல், ரசீதோடு வீட்டுக்குக் கொண்டுபோவதும் நல்ல காரணம். வீடு மாறும்போது பாத்திரங்களோடு கத்திகளையும் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி வேனில் ஏற்றுவதும் அப்படியே.

கோயிலுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ தேங்காய் உடைக்கக் கத்தி கொண்டுபோகிறவர்கள் உண்டு. தேங்காய், பழம், பூவோடு பூஜைக் கூடைக்குள் துணியில் சுற்றி வைத்து நேரே போய் நேரே திரும்பினால் காரணம் வெளிப்படையாகத் தெரியும். ஆனால் மதக் காரணம் என்ற விலக்கு தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், கேட்டால் விளக்கத்தான் வேண்டும். கோயிலில் ஏற்கெனவே கத்தி இருக்கும். அதையே கேட்டு வாங்கிப் பயன்படுத்துவது இன்னும் சுலபம்.

செல்லாத காரணங்கள் இரண்டு. ஒன்று, "மறந்துட்டேன்." மறதி மட்டுமே நல்ல காரணமாகாது என்று 1990களிலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைக்கு எடுத்துப்போனதைப் பையிலிருந்து எடுக்க மறந்தேன் என்று முன்னால் ஒரு உண்மையான காரணமும் சேர்ந்தால் அதன் எடை கொஞ்சம் கூடும்; அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். மற்றது, "என் பாதுகாப்புக்கு." இதைவிடக் கெடுதலான பதில் இல்லை. பொதுவாக ஊர் சரியில்லை, இரவில் பயமாக இருக்கிறது என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் கத்தி வைத்துக்கொள்ளக் காரணமே அல்ல. அதோடு, தேவைப்பட்டால் எதிராளி மேல் பிரயோகிப்பேன் என்று நீங்களே சொன்னதாகிவிடுகிறது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நுழைகிறது. சட்டப்படி சரியாக இருந்த மூன்று அங்குலக் கத்தியும் அந்த ஒரே வாக்கியத்தில் ஆயுதமாகிறது. உண்மையிலேயே பயம் இருக்கிறவர் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். பயம் நியாயமாக இருக்கலாம். கத்தி அதைத் தீர்க்காது.

படி 5: எடுத்துப்போகும் விதம்

விலக்குக்குள் வரும் மடக்குக்கத்தியைப் பையில் எங்கும் வைக்கலாம். என்றாலும் பேன்ட் பாக்கெட் ஓரத்தில் கிளிப் போட்டு வெளியே தெரிகிறபடி மாட்டாதீர்கள். கூட்டத்தில் பார்க்கிறவருக்குக் கிளிப்பு தெரியும், அலகின் நீளம் தெரியாது.

காரணம் தேவைப்படும் கத்தியை அலகின் மேல் உறையோ தடிமனான அட்டையோ சுற்றி, டேப் ஒட்டி, முடிந்தால் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பையின் அடியில் வையுங்கள். நடுவில் எங்கும் நிற்காமல் போங்கள். காரில் போனால் டிக்கியில். டேஷ்போர்டு அறையிலோ கதவுப் பொந்திலோ வைத்தால், ஓட்டும்போதே கைக்கு எட்டுகிறபடி ஏன் வைத்தாய் என்ற கேள்வி வரும். கார் உங்களுடையதாக இருக்கலாம், நிற்கும் சாலை பொது இடம். வேலை முடிந்ததும் டிக்கியைக் காலி செய்யுங்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கிற கத்திக்குப் பழைய காரணம் உதவாது.

படி 6: சட்டம் அனுமதித்தாலும் வாசல் அனுமதிக்காத இடங்கள்

பொது இடம் என்றால் தெரு மட்டுமில்லை. கட்டணம் கொடுத்தோ கொடுக்காமலோ மக்கள் போகக்கூடிய எந்த இடமும் பொது இடம்தான்: பஸ், ரயில், மால், கல்யாண மண்டபம், கோயில். இவற்றில் 139ஆம் பிரிவு பொருந்தும். அதற்கு மேல் சில வாசல்களுக்குச் சொந்த விதி உண்டு. நீதிமன்றம், பாராளுமன்றம், கால்பந்து மைதானம், பெரிய இசை நிகழ்ச்சி என்றால் கத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள். விசாப் பேட்டிக்கோ தூதரகத்துக்கோ போகிற நாளில் சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தியையும் கழற்றி வையுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, 139ஏ. பிள்ளையைக் கூப்பிடப் போகும் பெற்றோருக்கும் அது பொருந்தும். மூன்று அங்குல மடக்குக்கத்தி அங்கும் சட்ட விலக்கில்தான் வரும், ஆனால் பள்ளிகள் எந்தக் கத்தியையும் விடுவதில்லை. மாணவரின் சம்மதம் இல்லாமலே கத்தி தேட ஆசிரியர்களுக்கு அதிகாரம் உண்டு.

படி 7: போலீஸ் நிறுத்திச் சோதித்தால்

சாதாரணமாக, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சோதிக்கலாம். ஆனால் ஒரு வட்டாரத்தில் வன்முறை நடக்கும் அபாயம் இருந்தால் மேலதிகாரி 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 60ஆம் பிரிவின் கீழ் உத்தரவு போடலாம். அப்போது அந்த எல்லைக்குள், சீருடையில் இருக்கும் போலீஸ் சந்தேகமே இல்லாமலும் யாரையும் சோதிக்கலாம். முதலில் 24 மணி நேரம். நீட்டித்தால் மொத்தம் 48. லண்டனின் நாட்டிங் ஹில் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் இந்த உத்தரவு வந்திருக்கிறது.

நிறுத்தினால் முதல் காரியம், கையைச் சட்டைப்பைக்குள் விடாதீர்கள். "கத்தி இருக்கு, எடுத்துக் காட்டறேன்" என்று நீங்களே எடுக்கப் போவது நம் ஊர் மரியாதை, இங்கே அது ஆபத்து. கைகள் தெரிகிறபடி நில்லுங்கள். குத்தக்கூடிய, வெட்டக்கூடிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்: "வலது பாக்கெட்டில் ஒரு சின்ன மடக்குக்கத்தி இருக்கிறது. பூட்டு இல்லாதது. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க வைத்திருக்கிறேன்." அவ்வளவு போதும். உண்மையாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை வீட்டிலேயே சொல்லிப் பாருங்கள். பதற்றத்தில் "சேஃப்டி" என்ற சொல் தானாக வாயில் வந்துவிடும். கத்தியின் பூட்டைப் பற்றிச் சொல்ல நினைத்தது தற்காப்புக்கு வைத்திருப்பதாகக் கேட்கும்.

உங்களுக்கும் உரிமைகள் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ், எதைத் தேடி, ஏன் சோதிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதிகாரியின் பெயரும் நிலையமும் சொல்ல வேண்டும். சீருடை இல்லையென்றால் அடையாள அட்டை காட்ட வேண்டும். தெருவில் வைத்து கோட்டு, ஜாக்கெட், கையுறையை மட்டுமே கழற்றச் சொல்லலாம். சோதனைக்காக மட்டும் நிறுத்தியிருக்கும்போது பெயரும் முகவரியும் சொல்லும் கட்டாயம் இல்லை. சோதனைப் பதிவின் நகலை 3 மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம், கேட்டு வாங்குங்கள்.

மூன்று அங்குல விதி தெரியாத அதிகாரி கத்தியைப் பறிமுதல் செய்தால் அங்கேயே மல்லுக்கு நிற்காதீர்கள். பதிவை வாங்கிக்கொண்டு பிறகு புகாராக எழுதுங்கள். கத்தியின் விலை சில பவுண்டுகள். போலீஸோடு மல்லுக்கட்டிய குற்றச்சாட்டு அதைவிடப் பெரிய சுமை.

படி 8: கைது வரை போனால்

கைதின்போது ஒரு வாசகத்தைப் படிப்பார்கள். அதன் சாரம் இது: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் பிறகு நீதிமன்றத்தில் சார்ந்து நிற்கப்போகும் ஒரு விஷயத்தை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் வாதத்துக்குப் பாதகமாகலாம். கத்தி வழக்கில் இந்த வாசகத்துக்குக் கனம் அதிகம், ஏனென்றால் வழக்கே "நல்ல காரணம்" மேல்தான் நிற்கிறது. அதனால் விசாரணைக்கு முன்பு சொலிசிட்டர் வேண்டும் என்று கேளுங்கள். காவல் நிலையத்தில் அது இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசமாகக் கிடைப்பார். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "வேலைக்கு" என்று சொல்லப்போகிறீர்களானால் ரோட்டா (வேலை நேரப் பட்டியல்), முதலாளியின் கடிதம் போன்றவை வீட்டாரிடம் இருந்தால் சொலிசிட்டரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற அவசரத்தில் போலீஸ் எச்சரிக்கையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். அது குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகும். விசா நீட்டிப்பு, நிரந்தர வதிவுரிமை, குடியுரிமை விண்ணப்பங்களில் தண்டனைகளோடு எச்சரிக்கைகளையும் கேட்கிறார்கள். முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளி வேலைகளுக்கான பின்னணிச் சோதனையிலும் அது வெளிப்படலாம். இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விழுந்தால், 2007ஆம் ஆண்டு எல்லைச் சட்டப்படி நாடுகடத்தல் நடவடிக்கை வரும். இரண்டாவது முறை கத்தியோடு பிடிபட்டுத் தண்டனையாகும் பெரியவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 6 மாதச் சிறை. பராமரிப்பு வேலை விசாவில் குடும்பத்தோடு வந்திருப்பவருக்கு ஒரு பூட்டுக்கத்தி எவ்வளவு பெரிய விலை என்று யோசித்துப் பாருங்கள்.

படி 9: வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால்

18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கத்தி விற்பது குற்றம்; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு. குற்றப் பொறுப்பு வயது இங்கே 10. அப்பா பரிசாகக் கொடுத்த பேனாக்கத்தியைப் பதினான்கு வயதுப் பையன் நண்பர்களிடம் காட்டப் பள்ளிக்குக் கொண்டுபோனால், வீட்டில் அது பரிசு, அங்கே அது பள்ளியிலிருந்து நீக்கும் அளவுக்கான விஷயம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முகாமுக்குப் போகும்போது, பெரியவர்கள் கூட இருக்கும்போது கொடுத்துப் பழக்குங்கள். திரும்பி வந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள்.

படி 10: விமானத்திலும் ஊரிலும்

எந்த அளவானாலும் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் கைப்பையில் எந்த மடக்குக்கத்தியும் கூடாது. செக்‑இன் பெட்டியில் போட்டால் வம்பில்லை. சாவிக்கொத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள், பாதுகாப்புச் சோதனையில் கத்தி பறிபோவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இந்தியாவில் கணக்கு வேறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில், வீட்டுப் பயன்பாடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை நீங்கலாக, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையில் வரும். டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று இதைவிடக் கறாரானது, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் தொடும் பட்டன் கத்திகளை அது குறிவைக்கிறது. தேர்தல், கலவரம், திருவிழா நேரங்களில் தடையுத்தரவு போட்டிருந்தால் அந்த உத்தரவின் வாசகம்தான் செல்லும். ஜெர்மனிக்குச் சுற்றுலா போகிறவர்கள், 2024 அக்டோபர் இறுதியிலிருந்து பொதுத் திருவிழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் கத்திக்குத் தடை வந்திருப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

வேண்டாத கத்தியைக் கழிக்கும் முறை

இதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தால் தடைப்பட்டியலில் வரும் கத்தி ஒன்று கிடக்கலாம். முந்தைய வாடகைதாரர் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடக்காதீர்கள். அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண்ணான 101க்கு அழைத்து, இன்ன பொருள் இருக்கிறது, ஒப்படைக்க வேண்டும், எங்கே எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். பல வட்டாரங்களில் பெயர் கேட்காத ஒப்படைப்புத் தொட்டிகள் தெருவோரத்திலேயே இருக்கின்றன. அலகை அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, டப்பாவில் போட்டு, வீட்டிலிருந்து நேராக அங்கே போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். பழைய சமையலறைக் கத்தி, துருப்பிடித்த அரிவாள்மனை இவற்றையும் அதே மாதிரிக் கட்டி அங்கேயே சேர்க்கலாம். குப்பைப் பையில் வெறுமனே போட்டால், காலையில் அதைத் தூக்குகிற தொழிலாளியின் கையைத்தான் முதலில் வெட்டும்.